ஈச்சிலம்பற்று வயலில் வெளிப்பட்ட இரும்புக் கசடு: அது என்ன, சட்டம் என்ன சொல்கிறது, என்ன செய்யலாம்

திருகோணமலை மாவட்டத்தில் ஈச்சிலம்பற்றுப் பக்கத்தில் உங்கள் குடும்பக் காணியின் மேட்டு ஓரத்தைப் பெக்கோ (மண்வாரி இயந்திரம்) வைத்துத் திருத்தியபோது கறுத்த, கனமான கற்கள் குவியலாக வெளிப்பட்டன என்றும், அவற்றோடு சுட்ட மண்ணாலான குழாய்த் துண்டுகளும் கலந்திருந்தன என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவை எரிமலைக் கல்லா, சேருவிலப் பகுதியில் இருப்பதாகச் சொல்லப்படும் இரும்புத் தாதா, வீதி வேலைக்குக் கிறவலோடு சேர்த்து ஏற்றிக்கொள்ளக் கேட்பவருக்கு அவற்றைக் கொடுக்கலாமா, வெளிநாடுகளில் பழைய இரும்பாலைகளைப் பாதுகாப்பதுபோல இங்கும் செய்வார்களா, அறிவித்தால் காணி கைவிட்டுப் போகுமா என்பவை உங்கள் கேள்விகள். முதலில் செய்யவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்: ஏற்ற விடாதீர்கள், இனிமேல் அந்த ஓரத்தில் பெக்கோவையும் இறக்காதீர்கள். நீங்கள் விவரித்திருப்பது பெரும்பாலும் இரும்பு உருக்கிய ஓர் இடத்தின் எச்சம். அப்படியானால், அதில் இருக்கும் பயன் அனைத்தும் அது கிடக்கும் கிடையில்தான் இருக்கிறது. குவியலைக் கலைத்தபின் மிஞ்சுவது வெறும் கல்தான்.

எரிமலைக் கல் என்ற ஐயத்தை உடனே விட்டுவிடலாம். இலங்கையின் பெரும்பகுதி மிகப் பழைய உருமாறிய பாறைகளால் ஆனது. திருகோணமலை மாவட்டத்தில் எரிமலைக் குழம்பு ஓடி உறைந்த நிலம் எதுவும் இல்லை. அப்படியிருக்க, ஓடி உறைந்ததுபோல் மேற்பரப்பில் கயிறு கயிறாக வரிகள் தெரிவதும், உடைத்த இடத்தில் காற்றுக் குமிழிகள் இருந்த துளைகள் காணப்படுவதும், அளவுக்கு மீறிய பாரமும் மனிதர் மூட்டிய உலையிலிருந்து வடிந்த கசடுக்கு உரிய அடையாளங்கள். புல்மோட்டைக் கரையின் கறுப்பு மணலை அறிந்தவர்கள் நம் மாவட்டத்தில் எதைக் கறுப்பாகக் கண்டாலும் அதனோடு சேர்த்துவிடுவதுண்டு. அந்த மணலில் முதன்மையாக இருப்பது இல்மனைட் என்னும் டைட்டேனியத் தாது. உங்கள் குவியலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. காந்தத்தை வைத்துப் பார்த்ததாகச் சொல்கிறீர்கள். காந்தம் இலேசாக இழுத்தது என்பதால் மட்டும் எதுவும் தீர்ந்துவிடாது. கசடும் இழுக்கும், தாதும் இழுக்கும், இல்மனைட்டும் ஓரளவு இழுக்கும். உங்கள் விவரிப்பில் எனக்கு உறுதியான சான்றாகப் படுவது அந்த மண்குழாய்த் துண்டுகள்தான். ஒரு முனை கண்ணாடிபோல் உருகிப் பளபளக்க, மறுமுனை வெறும் சுட்ட மண்ணாக இருக்கும் குழாய், உலைக்குள் காற்றைக் கொண்டுசென்ற துருத்திக் குழாயே ஆகும். உருகிய முனை நெருப்புக்குள் இருந்த பக்கம்.

ஏன் இவ்வளவு கசடு என்பதைப் புரிந்துகொள்ள அந்த உலைகள் வேலை செய்த விதத்தை அறிய வேண்டும். தூய இரும்பு உருகுவதற்கு 1538 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். மண்ணால் கட்டிக் கரி போட்டு எரித்த பழைய உலைகள் பொதுவாக அதை எட்டவில்லை. ஏறத்தாழ 1200 பாகையளவில்தான் அவற்றில் வேலை நடந்தது. அந்த வெப்பத்தில் கரியிலிருந்து எழும் காபனோரொட்சைட்டு வாயு தாதிலுள்ள ஒட்சிசனைப் பறித்துக்கொள்ள, இரும்பு உருகாமலே சிறுசிறு துணுக்குகளாகப் பிரிந்து ஒன்றோடொன்று ஒட்டி, துளை நிறைந்த ஒரு கட்டியாகத் திரளும். தாதோடு வந்த மணலும் மண்ணும் இரும்பு ஒட்சைட்டின் ஒரு பகுதியோடு சேர்ந்து உருகி, கசடாகக் கீழே வடியும். அதாவது கசடு வடிவதற்கே இரும்பில் ஒரு பங்கைக் கொடுக்க வேண்டியிருந்தது. உங்கள் கற்கள் பாரமாக இருப்பதற்கும், காந்தம் அவற்றை இலேசாக இழுப்பதற்கும் காரணம் இதுவே. கிடைத்த இரும்புக் கட்டியைக் கொல்லர் எடுத்துச் சென்று அடித்து, மண்வெட்டியும் கத்தியும் கொழுவுமாக ஆக்கிவிட்டார்கள். அவை தேய்ந்தும் துருப்பிடித்தும் போயின. யாருக்கும் வேண்டாத கசடு மட்டும் விழுந்த இடத்திலேயே கிடக்கிறது.

இந்த வேலையை நேரில் கண்டு எழுதிய மிகத் தெளிவான பழைய விவரிப்பு, தற்செயலாக, உங்கள் ஊருக்கு அண்மையில் பிடிபட்ட ஒருவருடையது. 1660இல் கொட்டியாரக் குடாவில், மூதூர்ப் பக்கத்தில், கண்டி மன்னனின் ஆட்களால் பிடிக்கப்பட்ட ஆங்கிலக் கப்பலோட்டி றொபேட் நொக்ஸ், ஏறத்தாழ 20 ஆண்டுகள் மலைநாட்டில் தடுத்து வைக்கப்பட்டிருந்து, 1679இல் தப்பி, 1681இல் தன் நூலை வெளியிட்டார். அதில் இரும்பு உருக்குவதைப் படிப்படியாகச் சொல்கிறார். தாதுக் கற்களைக் குவித்து முதலில் விறகால் சுட்டு இளக்குகிறார்கள். பிறகு வெண்களிமண்ணால் கட்டிய உலையில் கரியும் அதன்மேல் கல்லும் அதன்மேல் மீண்டும் கரியுமாக அடுக்குகிறார்கள். உலைக்குப் பின்னால் ஒரு மறைப்புச் சுவர் உண்டு. ஊதுகிறவரை அது வெக்கையிலிருந்து காக்கிறது. அவருக்கு முன்னால் நிலத்தில் ஊன்றிய இரண்டு மரக்குற்றிகள் பானைபோல் குடையப்பட்டு, வாயில் மான்தோல் கட்டப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு தோலிலும் விரலளவு துளை ஒன்று இருக்கிறது. வில்போல் வளைந்த குச்சிகளில் கட்டிய கயிறு தோலை மேலே இழுத்துப் பிடிக்கிறது. ஊதுகிறவர் இரண்டு குற்றிகளிலும் ஒவ்வொரு காலாக வைத்து, உள்ளங்காலால் துளையை அடைத்து, மாறி மாறி மிதிக்கிறார். முதுகைச் சாய்க்கப் பின்னால் ஒரு வார், கைகளை ஊன்ற முன்னால் ஒரு கம்பு. கசடு உலையின் அடியிலுள்ள சரிவான துளை வழியே தீயாறுபோல் ஓடுகிறது. கசடு வருவது நின்றபின் இரும்புக் கட்டியை அதே துளையால் வெளியே தள்ளி, கோடரியால் பாதிவரை வெட்டித் தண்ணீரில் எறிகிறார்கள். அந்த வெட்டு வாங்க வருகிறவர் உள்ளே நல்ல இரும்பு இருக்கிறதா என்று பார்ப்பதற்காக.

இந்த விவரிப்பைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் மேட்டைப் பார்க்க வேண்டும். அவர் சொன்னவற்றில் மரமும் தோலும் கயிறும் நம் மழையில் சில ஆண்டுகள்கூட நிற்கமாட்டா. நிற்கக்கூடியவை சுட்டுச் சிவந்த உலையடி மண், துருத்திக் குழாய்த் துண்டுகள், ஓடி உறைந்த கசடு, தாதைச் சுட்ட இடத்தில் சிவந்த தூள், கரித்துண்டுகள் ஆகியவை மட்டுமே. கசடு எந்தப் பக்கம் ஓடியிருக்கிறது என்பதைக் கொண்டு உலையின் வாய் எங்கே இருந்தது என்று கணிக்கலாம். குழாய்த் துண்டுகள் எங்கே அதிகம் என்பதைக் கொண்டு ஊதிய பக்கத்தைக் கணிக்கலாம். அடிமட்டத்தில் சிவந்த மண் வட்டமாகவோ நீளமாகவோ தெரிந்தால் உலையின் வடிவம் கிடைக்கும். பெக்கோவின் ஒரே வாரலில் இந்த மூன்றும் போய்விடும். கசடுக் கட்டிக்குள் சிக்கியிருக்கும் கரித்துண்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. கதிரியக்கக் காபன் முறையில் காலத்தை அளக்க அது போதும். அந்தக் காலக்கணிப்பு சட்டத்துக்கும் வேண்டியதாகிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இலங்கையின் பழைய இரும்பு வேலை இன்று உலகறிந்த விடயமாக இருப்பதற்குக் காரணம் சமனலவெவ. பலாங்கொடைக்குத் தெற்கே, வளவை கங்கையை மறித்து நீர்மின் தேக்கம் கட்டப்பட்ட காலத்தில் நடந்த கள ஆய்வில், மேற்குப் பார்த்த மலைவிளிம்புகளில் வரிசையாக உலைகளின் எச்சங்கள் கண்டறியப்பட்டன. அந்த வகை உலைத்தலங்கள் மட்டும் எழுபதுக்கு மேற்பட்டவை. காலம் ஏறத்தாழ கி.பி. 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை. அவற்றில் துருத்தியே இல்லை. யூன் முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்றை நேரே எதிர்கொள்ளும்படி நீளவாட்டில் கட்டிய உலையின் முன்சுவரில் மண்குழாய்களை வரிசையாகப் பொருத்தி, காற்றையே ஊத விட்டிருக்கிறார்கள். இது நடக்கக்கூடியதுதானா என்று சந்தேகப்பட்டவர்கள் இருந்தார்கள். தொல்லியலாளர் கில் ஜுலெஃப் 1994இல் அதே மாதிரியில் உலை கட்டி, அதே காற்றில் இரும்பு எடுத்துக் காட்டினார். அதில் காபன் செறிந்த உருக்கும் கிடைத்தது. 1996இல் நேச்சர் ஆய்விதழில் அது வெளிவந்தது. அரபு அறிஞர் அல்கிந்தி 9ஆம் நூற்றாண்டில் வாள்களைப் பற்றி எழுதும்போது சரந்தீபு, அதாவது இலங்கை, உருக்கைக் குறிப்பிட்டதற்குப் பின்னாலிருந்த தொழில் எத்தகையது என்பது அதன் பிறகே தெளிவாயிற்று. இதைவிடப் பழையது சீகிரியாவுக்கு அண்மையில் அலகொலவெவவில் அகழப்பட்ட உலைத்தலம். அது கி.மு. 2 முதல் கி.பி. 4ஆம் நூற்றாண்டு வரை இயங்கியது. தொழிலின் கடைசிக் காலத்தைப் பதிவு செய்தவர் நம்மவரான ஆனந்த குமாரசுவாமி. 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்குத் தலைமை வகித்த அவர், பலாங்கொடைப் பக்கத்தில் இரும்பு உருக்கும் முறையையும், சிறு மண் மூசைகளில் இரும்போடு ஆவாரைச் சுள்ளி வைத்து மூடிச் சுட்டு உருக்காக்கும் முறையையும் குறித்து வைத்தார். இறக்குமதி இரும்பு மலிந்து, உள்ளூர் உலைகள் அவிந்துகொண்டிருந்த நேரம் அது.

நம் பக்கமும் கச்சான் வீசும் பூமியல்லவா, நம் உலைகளும் காற்றுலைகளாக இருக்கலாமே என்று யாரும் கேட்கக்கூடும். கேட்பதில் பிழையில்லை; ஆனால் இப்போதைக்கு அப்படிச் சொல்வதற்கு ஓர் ஆதாரமும் இல்லை. சமனலவெவவில் மலைவிளிம்பு இருந்தது. காற்று ஏறி வந்து மோதிய இடத்தில் உலை இருந்தது. வயல்வெளி மேட்டில் அத்தகைய அமைப்பு இருக்குமா என்பது முதல் ஐயம். குழாய்கள் ஒரே வரிசையில் உலைமுகம் முழுவதும் இருந்தனவா, அல்லது துருத்திக்கென ஒன்றிரண்டாக இருந்தனவா என்பதை நிலத்தில் பார்த்தே சொல்ல முடியும்.

சேருவில விடயத்துக்கு வருகிறேன். சேருவிலவில், அரிப்பு என்னும் இடத்தில் (மன்னாரிலுள்ள அரிப்பு அல்ல), செம்பும் மக்னதைற்று என்னும் காந்த இரும்புத் தாதும் கலந்த படிவு இருப்பதை 1970களின் தொடக்கத்தில் புவிச்சரிதவியலாளர் கண்டறிந்தனர். அந்தத் தாதுப் பகுதியையும் சுற்றியுள்ள தொல்லியல் தடயங்களையும் சேர்த்து ஆராய்ந்து, முற்காலத்திலேயே அது பயன்படுத்தப்பட்டிருக்கக்கூடும் என்ற கருத்தைப் பேராசிரியர் சுதர்சன் செனவிரத்ன 1990களில் முன்வைத்தார். வெருகலுக்குத் தெற்கே கதிரவெளியில் பெருங்கற்காலக் கல்லறைகள் உள்ளன. அநுராதபுர அகழ்வுகள் இந்தத் தீவில் இரும்பின் தொடக்கத்தைக் கி.மு. 900 அளவுக்குக் கொண்டுசெல்கின்றன. இவற்றையெல்லாம் ஒரே கோட்டில் கோத்து, உங்கள் வயல் கசடும் அந்தக் காலத்ததே என்று எழுதிவிடுவது எளிது. அப்படி எழுதுகிறவர்களை நம்பவேண்டாம். கசடின் தோற்றத்தைக் கொண்டு கி.மு. 500ஐயும் கி.பி. 1500ஐயும் பிரித்தறிய முடியாது. ஏறத்தாழ ஒரே முறையை மக்கள் அவ்வளவு காலம் கையாண்டார்கள்.

சேருவிலத் தாதில் செம்பு, கந்தகத்தோடு சேர்ந்த நிலையில் இருக்கிறது. கந்தகம் கலந்த இரும்பைக் காய்ச்சி அடித்தால் வெடிப்பு விடும். கொல்லர் அதை விரும்பமாட்டார். தாதை முன்கூட்டியே சுட்டெடுத்தால் கந்தகம் ஓரளவு போகும். எனவே பழைய உலைக்காரர் அந்தப் படிவைத் தொட்டிருந்தால், மேற்பரப்பில் வெயிலிலும் மழையிலும் சிதைந்து துருநிறமான பகுதியைத் தேர்ந்திருக்கலாம். அல்லது அதை விட்டுவிட்டு, கிறவல் மண்ணில் கிடைக்கும் பழுப்பு இரும்புக் கற்களையே எடுத்திருக்கலாம். மூன்றாவது சாத்தியத்தையும் மறக்கக்கூடாது: அது இரும்புக் கசடே அல்லாமல் செம்புக் கசடாகவும் இருக்கலாம். செம்பு உருக்கும்போது வரும் கசடும் கறுப்பு, பாரம், கயிற்று வரி எல்லாம் உடையதே. உங்கள் கற்களில் எங்காவது பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். பச்சை இருந்தால் அந்தத் துண்டைத் தனியே குறித்து வையுங்கள். அப்படியான ஒரு தலம் நம் மாவட்டத்தில் உறுதியானால், இரும்புக் கசடைவிட அது அரிய செய்தி. இறுதி முடிவை ஆய்வுகூடப் பகுப்பாய்வே சொல்லும். ஊர் வைத்தியர் யாராவது மண்டூரம் என்னும் மருந்துக்கென்று இதைக் கேட்டால் கொடுக்காதீர்கள் என்பதையும் சொல்லி வைக்கிறேன். பழைய இரும்புக் கிட்டம், அதாவது கசடு, சித்த மருத்துவத்தில் பாண்டு (இரத்தச்சோகை) நோய்க்கு முறைப்படி சுத்திசெய்து பயன்படுவது உண்மைதான். ஆனால் செம்பும் வேறெதுவும் கலந்திருக்கக்கூடிய கல்லை மருந்தாக்குவது ஆபத்து.

வெளிநாட்டு உதாரணம் கேட்டீர்கள். ஸ்கொட்லாந்தின் மேற்குப் பகுதியில் பொனாவ் என்னும் கிராமப்புற இரும்பாலை நல்ல ஒப்பீடு. 1753இல் தொடங்கி 1876 வரை அது இயங்கியது. தாது இங்கிலாந்தின் வடமேற்கிலிருந்து கப்பலில் வந்தது. கரியைச் சுற்றியிருந்த காடுகள் கொடுத்தன, ஊதுலைக்குக் காற்றை ஆற்றுநீரால் சுழன்ற சக்கரம் கொடுத்தது. கரியை விட்டுவிட்டுத் தாதைக் காட்டுக்குக் கொண்டுவந்ததற்குக் காரணம் எளியது: ஒரு பங்கு கரிக்கு ஐந்து பங்குக்கு மேல் விறகு வேண்டும், நொறுங்கும் கரியைத் தூரம் கொண்டுபோவதும் சிரமம். அங்கே இரும்பு உருகி ஓடியது. வார்த்துப் பீரங்கிக் குண்டுகளும் செய்தார்கள். நம் பிரெட்ரிக் கோட்டையில் கிடக்கும் பழைய வார்ப்பிரும்புப் பீரங்கிகள் ஊதுலை மரபைச் சேர்ந்தவை. உங்கள் வயலில் இருந்திருக்கக்கூடிய உலையால் அப்படியொன்றை வார்க்க முடியாது. இன்று பொனாவ் அரச பராமரிப்பில், பார்வையாளர் சுற்றிப் பார்க்கும் இடமாக இருக்கிறது. ஆனால் அங்கே உலைக் கோபுரம், கரிக் கொட்டகைகள், தாதுக் கொட்டகை என்று கல்கட்டடங்கள் நிமிர்ந்து நிற்கின்றன. நம்முடையதில் நிமிர்ந்து நிற்பது ஒன்றுமில்லை. வேலி போட்டு நுழைவுச்சீட்டு விற்கும் நிலையை எதிர்பார்க்காதீர்கள்; இங்கே பாதுகாப்பு என்பது தோண்டாமல் மண்மூடி விடுவதும், வரைபடத்தில் குறித்துக்கொள்வதும்தான். அது குறைவான பாதுகாப்பு என்று நான் நினைக்கவில்லை. சமனலவெவவிலேயே ஒரு பகுதித் தலங்கள் நீர்த்தேக்கப் பரப்புக்குள் போயின. அவற்றைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்திருப்பது, தண்ணீர் ஏறுமுன் யாரோ நடந்து அளந்து எழுதி வைத்ததால்தான்.

சட்டம் பற்றி. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம், பின்னர் 1998இல் திருத்தப்பட்டது, இன்றும் நடைமுறையில் இருக்கிறது. 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு, அதாவது கண்டி உடன்படிக்கை நாளுக்கு, முற்பட்டவை அல்லது முற்பட்டவையென நம்பப்படுபவை அதன் வரம்புக்குள் வரும். காணிக்குச் சொந்தக்காரர் என்ற காரணத்தால் மட்டும், அதில் புதைந்திருந்து இன்னும் கண்டுபிடிக்கப்படாத தொல்பொருளுக்கு ஒருவர் உரிமை கோர முடியாது. தொல்பொருள் தேடும் நோக்கத்தோடு தோண்டுவதற்கு, சொந்தக் காணியாக இருந்தாலும், அனுமதிப்பத்திரம் வேண்டும். தற்செயலாகக் கண்டவர் உரிய அதிகாரிக்கு அறிவிக்கும் கடமை உடையவர். கசடு என்று சட்டத்தில் பெயர் சொல்லி எழுதப்படவில்லை. ஆனால் உலையின் அடிப்பகுதி நிலத்தில் இருந்தால் அது கட்டமைப்பு, அதை மறுப்பது கடினம். தளர்ந்து கிடக்கும் கல்லை அள்ளியதாகச் சொல்லித் தப்பலாம் என்று அந்த வீதி வேலைக்காரர் நினைத்தாலும், அள்ளும்போது உலையடி உடைந்தால் பொறுப்பு உங்கள் தலையில்தான் விழும். 1815 என்ற எல்லையால் இன்னொரு சிக்கலும் வருகிறது. இரும்பு உருக்குதல் இந்தத் தீவில் 19ஆம் நூற்றாண்டிலும் தொடர்ந்ததால், கரித்துண்டின் காலக்கணிப்பு வரும்வரை உங்கள் தலம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது.

காணி பற்றிய அச்சத்தை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென 2020இல் அமைக்கப்பட்ட ஜனாதிபதி செயலணியில் தொடக்கத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இடம்பெறவில்லை. தொல்பொருள் இடங்கள் தொடர்பாகக் கன்னியாவிலும் திரியாயிலும் நடந்த இழுபறிகளை மாவட்டம் முழுவதும் அறியும். ஆகவே கண்டதை மண்போட்டு மூடிவிட்டுப் பேசாமல் இருப்போம் என்று ஒரு வயற்காரர் நினைத்தால், அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும் சட்டத்தின் வாசகம் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: தனியார் காணியிலுள்ள ஒரு தொன்மையை வர்த்தமானி அறிவித்தல் மூலம் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக்கும்போது, அந்த அறிவித்தலால் மட்டும் காணியின் உறுதி கைமாறுவதில்லை, அந்த இடத்தை மாற்றவோ உடைக்கவோ அனுமதி பெறவேண்டும் என்ற கட்டுப்பாடு வருகிறது. காணியைச் சுவீகரிப்பது வேறு நடவடிக்கை, வேறு சட்டம். மேலும், கசடைப் பார்த்து உலையை மிதித்து ஊதியவர் என்ன மொழி பேசினார், எந்தக் கோயிலைக் கும்பிட்டார் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படிச் சொல்ல வருகிறவர் எந்தப் பக்கத்தவரானாலும் அவரிடம் ஆதாரம் கேளுங்கள்.

அறிவிப்பதைப் பேச்சாக அல்லாமல் எழுத்தாகச் செய்யுங்கள். உங்கள் கிராம உத்தியோகத்தர் மூலம் பிரதேச செயலாளருக்குக் கடிதமொன்றும், தொல்பொருளியல் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு அதன் பிரதியும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான திகதி முத்திரையுடன் ஒரு பிரதியைக் கையில் வைத்திருங்கள். காணியின் உறுதி அல்லது உத்தரவுப்பத்திர இலக்கத்தைக் கடிதத்திலேயே குறிப்பிடுங்கள். நெல் விதைக்கும் பகுதி எது, மேட்டு ஓரம் எது என்று ஒரு கைவரைபடமும் இணையுங்கள். தொடர்ந்து பயிர்செய்யும் பரப்பைத் தெளிவாகப் பிரித்துக் காட்டுவது பின்னால் உதவும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் ஆசிரியர்களுக்கும் அதே கடிதத்தை அனுப்பலாம். தமிழில் பேசி, மேட்டைப் பார்த்து, இது உருக்கிய இடமா அல்லது கொல்லர் அடித்த இடமா என்று அவர்களால் பிரித்துச் சொல்ல முடியும். அடித்த இடமானால் கட்டிகள் ஒருபுறம் தட்டையாகவும் மறுபுறம் கிண்ணம்போல் குழிந்த உலையின் வடிவிலும் இருக்கும், மண்ணில் காந்தத்துக்கு ஒட்டும் மெல்லிய செதில்கள் கிடைக்கும்.

வீட்டுக்கு ஏற்கெனவே எடுத்து வந்த துண்டுகளைக் கழுவ வேண்டாம்; ஒட்டியிருக்கும் மண்ணும் கரியும் தேவைப்படும். எந்தத் துண்டு மேட்டின் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று நினைவிருக்கும்போதே எழுதி, ஒவ்வொன்றையும் தனித்தனிப் பையில் போட்டு வையுங்கள். பெக்கோ வெட்டிய முகத்தை, அளவுக்காக ஓர் அடிமட்டத்தை ஓரமாக வைத்து, நேராக நின்று படம் எடுங்கள். மாரி மழை தொடங்குமுன் அந்த வெட்டு முகத்தின்மேல் மண்மூட்டைகளை அடுக்கி, மேலே தறப்பாள் விரித்துக் கல் வைத்துவிடுங்கள். மண்ணுக்குள் மூடிக் கிடந்தவரை நின்ற சிவந்த உலைமண், இப்படி வெட்டுப்பட்டுத் திறந்து கிடந்தால் பெருமழையில் அரிபட்டுப் போகலாம்.